மலைக் கிராமத்து ஜீனோம் தரவை வெளியே பகிர எந்த ஏபிஐ?

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்ட விதத்தில் ஒருமுறை எழுதிவிடுகிறேன், தவறு இருந்தால் திருத்துங்கள். சேலத்தில் ஒரு மருத்துவ ஆராய்ச்சிக் குழுவில் சாஃப்ட்வேர் வேலை பார்க்கிறீர்கள். சேர்வராயன் மலைத்தொடரில் இருக்கும் ஏற்காட்டில் வாழும் மலையாளி பழங்குடி மக்களிடம் ஒப்புதல் வாங்கி இரத்தம் எடுத்து, அரிவாள் செல் இரத்தசோகை, தலசீமியா என்ற பரம்பரை இரத்த நோய்களின் ஆய்வுக்காகச் சுமார் 200 பேருக்கு எக்ஸோம் சீக்வென்சிங், அதாவது ஜீனோமில் புரதத்துக்கான பகுதிகளை மட்டும் படிக்கும் வேலை, முடித்திருக்கிறீர்கள். வெளிமாநிலக் குழு ஒன்று தங்கள் தரவோடு ஒப்பிட வேண்டும் என்று உங்கள் தரவைக் கேட்கிறது. மரபணு மாற்றங்களைப் பட்டியலிடும் விசிஎஃப் கோப்புகளை டிரைவில் ஏற்றி லிங்க் அனுப்பினால் போதுமா, வெளி நிரல்கள் நம் சர்வரிடம் கேட்டுப் பதில் வாங்கும் ஏபிஐ வைத்துத்தான் ஆக வேண்டுமா, வைத்தால் எது என்று கேட்டிருக்கிறீர்கள். இதில் இரண்டு கேள்விகள் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. எந்த ஏபிஐ என்பது ஒன்று. வெளியே இருப்பவர் நம் தரவிடம் எதையெல்லாம் கேட்கலாம் என்பது இன்னொன்று. இரண்டாவதை நீங்கள் எழுதவில்லை, ஆனால் அதை முடிவு செய்யாமல் முதலாவதைத் தொட முடியாது. 200 பேர் என்பதும், அவர்கள் மலைக் கிராமங்களில் சொந்தத்துக்குள் மணம் முடிப்பவர்கள் என்பதும் இந்த முடிவைப் பெரிய நகரத்து மருத்துவமனையின் முடிவிலிருந்து நிறையவே மாற்றுகின்றன.

நானும் சேலத்துக்காரன்தான். உயிரித் தகவலியல் படித்துவிட்டு, ஆய்வகங்களும் மருத்துவமனைகளும் சீக்வென்ஸ் தரவைச் சேமிக்கவும் பகிரவும் சர்வர் அமைத்துக் கொடுக்கும் வேலையில் பல வருடங்களாக இருக்கிறேன். வக்கீல் இல்லை, இரத்தவியல் மருத்துவரும் இல்லை. அதனால் சட்டம், சிகிச்சை பற்றிக் கீழே வருவதை உங்கள் எத்திக்ஸ் கமிட்டியிடமும் மருத்துவரிடமும் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். தரவு, சர்வர், ஏபிஐ பற்றிச் சொல்வதெல்லாம் கைப்பட வேலை செய்து பார்த்தது.

முதலில் டிரைவ் லிங்க். தயவுசெய்து வேண்டாம். லிங்க் ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குப் போகும், யார் இறக்கினார்கள் என்று பிறகு சொல்ல முடியாது. ஒப்புதல் தந்த ஒருவர் நாளைக்கு "என் தரவை எடுத்துவிடுங்கள்" என்று கேட்டால், ஏற்கெனவே போன நகலைத் திரும்ப வாங்கவும் வழியில்லை. அந்த உரிமை அவருக்கு உண்டு என்று நீங்கள்தான் ஒப்புதல் படிவத்தில் எழுதிக் கொடுத்திருப்பீர்கள். ஒருவரின் எக்ஸோம் அவரைப் பற்றி மட்டும் பேசுவதும் இல்லை. அண்ணன், தங்கை, பிள்ளைகள், பெரியப்பா மகன் என்று கையெழுத்துப் போடாதவர்களும் அதற்குள் பாதியோ அரைக்காலோ இருக்கிறார்கள்.

பெயரை நீக்கிவிட்டோம், எண் மட்டும்தான் இருக்கிறது என்று நாம் நம்பும் கோப்புக்குள்ளேயே பெயர் உட்கார்ந்திருப்பதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். உங்கள் விசிஎஃப் கோப்பின் தலைப்பு வரிகளை இப்போதே திறந்து பாருங்கள். விசிஎஃப் கோப்புகளைக் கையாளும் பிசிஎஃப்டூல்ஸ் என்ற மென்பொருள் ஓடும் ஒவ்வொரு முறையும், தான் ஓட்டிய கட்டளையை முழுதாக ஒரு வரியாக அங்கே எழுதிவைக்கும். கோப்பு எந்த ஃபோல்டரில் இருந்தது என்பதும் அதில் வந்துவிடும். மாதிரி வந்த நாளில் ஆய்வகத்தில் யாரோ ஃபோல்டருக்கு ஊர்ப் பெயரும் ஆள் பெயரும் வைத்திருந்தால், அது கடைசிக் கோப்பு வரைக்கும் கூடவே வரும். சீக்வென்சர் படித்த துண்டுகள் இருக்கும் பாம் கோப்பில் பிஜி என்று தொடங்கும் வரிகளிலும் இதே கதைதான், ஆர்ஜி வரியில் எஸ்எம் என்ற இடத்தில் மாதிரியின் பெயர் இருக்கும். பாம் கோப்புக்கான சாம்டூல்ஸ், பிசிஎஃப்டூல்ஸ் இரண்டிலும் ரீஹெடர் என்ற கட்டளை இருக்கிறது. அதை வைத்துத் தலைப்பைச் சுத்தம் செய்யுங்கள். ஆய்வகத்தின் மாதிரி எண்ணையே வெளியே காட்டாமல் பகிர்வதற்கென்று வேறு எண் கொடுங்கள், இரண்டையும் இணைக்கும் பட்டியல் சர்வரில் இருக்கவே கூடாது. எந்த ஏபிஐயைத் தேர்ந்தெடுத்தாலும் இந்த வேலை பாக்கி நிற்கும், அதனால் இதை முதலில் முடித்துவிடுவது நல்லது.

அப்புறம், கேட்கிற குழுவுக்கு உண்மையில் என்ன வேண்டும் என்று ஒரு போன் போட்டுக் கேளுங்கள். "தரவை அனுப்புங்கள்" என்று எழுதுகிறவர்களில் பெரும்பாலானோருக்குக் கோப்பு தேவைப்படாது. ஒரு வேரியன்ட், அதாவது குறிப்பிட்ட ஒரு மரபணு மாற்றம், உங்கள் மக்களிடம் இருக்கிறதா, எத்தனை பேரிடம் இருக்கிறது என்பதுதான் வேண்டியிருக்கும். அதற்குப் பதில் சொல்லும் ஏபிஐ ஏற்கெனவே இருக்கிறது. பீக்கன் என்று பெயர். 2013-ல் தொடங்கிய ஜிஏ4ஜிஎச் என்ற உலகளாவிய கூட்டமைப்பு உருவாக்கிய தரநிலைகளில் அது ஒன்று. 2014-ல் வெறும் ஆம், இல்லை என்று பதில் சொல்லும் எளிய சேவையாக ஆரம்பித்தது. 2022-ல் அங்கீகாரம் பெற்ற இரண்டாம் பதிப்பில் பதிலை மூன்று அளவில் தரலாம்: ஆம் அல்லது இல்லை, எண்ணிக்கை, தனித்தனிப் பதிவுகள். யாருக்கு எந்த அளவு என்பதை நீங்கள் தீர்மானிக்கலாம். இரத்த வங்கிக்குப் போன் செய்து ஓ நெகட்டிவ் இருக்கிறதா என்று கேட்டால், இருக்கிறது, மூன்று யூனிட் என்று சொல்வார்களே தவிர, கொடுத்தவர்களின் பதிவேட்டை எடுத்து நீட்ட மாட்டார்கள். பீக்கனின் எண்ணமும் அதுதான். மாதிரிச் செயலாக்கம் திறந்த மூலமாகக் கிடைக்கிறது, மாங்கோடிபி தரவுத்தளமும், நிரலைப் பொட்டலமாகக் கட்டும் டாக்கரும் தெரிந்தால் நீங்களே ஏற்றிவிடலாம். 200 எக்ஸோமின் வேரியன்டுகளுக்குச் சாதாரண சர்வர் ஒன்றே போதும். நீங்களாக ஒரு ஏபிஐ எழுதாதீர்கள் என்று நான் அழுத்திச் சொல்லக் காரணம், எதிர்ப்பக்கத்தில் இருப்பவரின் கருவிகள் தரநிலையை மட்டும்தான் பேசும். நீங்கள் எழுதியதை நீங்கள் வேலை மாறிப்போன பிறகு யாரும் பராமரிக்கவும் மாட்டார்கள்.

சரி, ஆம் அல்லது இல்லை என்று மட்டும் சொன்னால் யாருக்கும் ஆபத்து இல்லையே என்று தோன்றும். அந்த நம்பிக்கை நிற்காது என்பது நிரூபணமான விஷயம். 2008-லேயே, ஒரு கூட்டத்தின் மொத்த அலீல் விகிதங்களை (ஒவ்வொரு மரபணு வடிவமும் எவ்வளவு பரவலாக இருக்கிறது என்பதை) மட்டும் வைத்து, குறிப்பிட்ட ஒருவர் அந்தக் கூட்டத்தில் இருக்கிறாரா என்று கண்டுபிடிக்கலாம் என ஓர் ஆய்வு காட்டியது. அதன் பிறகு அமெரிக்காவின் தேசிய சுகாதார ஆய்வு நிறுவனமான என்ஐஎச் அதுவரை பொதுவில் வைத்திருந்த அப்படிப்பட்ட தொகுப்பு விவரங்களை உள்ளே இழுத்துக்கொண்டது. 2015-ல் பீக்கனையே நேரடியாகச் சோதித்தார்கள். 1,000 பேர் இருக்கும் பீக்கனில் 5,000 கேள்விகள் போதும், குறிப்பிட்ட நபர் உள்ளே இருக்கிறாரா என்று தெரிந்துவிடும். அரிதான வேரியன்டுகளைப் பொறுக்கி எடுத்துக் கேட்டால் அதைவிட மிகக் குறைந்த கேள்விகளே போதும் என்று பின்னால் வந்தவர்கள் காட்டினார்கள். இதில் ஒரு நிபந்தனை உண்டு, அதையும் சொல்லிவிட வேண்டும்: தேடுகிறவரின் கையில் அந்த நபரின் ஜீனோம் விவரம் முன்கூட்டியே இருக்க வேண்டும். அதனால் இது தெருவில் போகிறவர் செய்யக்கூடிய வேலை இல்லை. ஆனால் உறவினரின் தரவு கிடைத்தாலும் ஓரளவுக்கு நடக்கும், உங்கள் தொகுப்பில் இருப்பதோ 1,000 பேர்கூட இல்லை.

உங்கள் விஷயத்தில் நான் இதைவிட அதிகம் பயப்படுவது கணிதமே தேவைப்படாத வழிக்குத்தான். பீக்கன் இரண்டாம் பதிப்பில் வேரியன்டோடு வயது, பாலினம், நோய், இடம் என்று வடிகட்டிகளைச் சேர்த்துக் கேட்கலாம். ஏற்காட்டில் பஸ் கடைசியாகத் திரும்பும் ஊர்களை நினைத்துக்கொள்ளுங்கள். ஐம்பது, அறுபது வீடு. ஒருவர் முதலில் ஹீமோகுளோபினுக்கான எச்பிபி மரபணுவில் இந்த வேரியன்ட் எத்தனை பேருக்கு என்று கேட்கிறார், 9 என்று வருகிறது. பெண்கள் மட்டும் என்கிறார், 5. வயது 18 முதல் 25 என்கிறார், 2. ஊரின் பெயரைச் சேர்க்கிறார், 1. அந்த ஊரில் கேம்ப் நடந்த நாளில் யார் யார் இரத்தம் கொடுத்தார்கள் என்று ஊருக்கே தெரியும். வேரியன்டின் ஒரு பிரதி மட்டும் இருக்கும் பெண்ணுக்குப் பொதுவாக உடம்புக்கு ஒன்றும் செய்யாது. ஆனால் பெண் பார்க்க வருகிற இடத்தில் "அந்தப் பிள்ளைக்கு இரத்தத்தில் என்னமோ குறையாம்" என்று ஒரு பேச்சு கிளம்பினால் அதை எந்த ஏபிஐயும் திருப்பி வாங்காது. நம்மை நம்பிக் கையை நீட்டியவர்கள் அவர்கள். ஆகவே ஊர் அளவிலான வடிகட்டி கூடவே கூடாது என்பது என் உறுதியான கருத்து. மாவட்டம்கூட வேண்டாம், ஒட்டுமொத்தத் தொகுப்பு ஒன்றே போதும். வயதைப் பத்துப் பத்தாகத் தொகுத்துவிடுங்கள்.

சிறிய எண்ணிக்கைகளை மறைப்பது அடுத்த அரண். அமெரிக்க அரசின் மருத்துவக் காப்பீடான மெடிகேரின் தரவில் 1 முதல் 10 வரையிலான எண்ணிக்கையை வெளியிடக் கூடாது என்று விதி இருக்கிறது, பலரும் அதையே பின்பற்றுகிறார்கள். இங்கேதான் ஒருமித்த கருத்து இல்லை. 200 பேர் தொகுப்பில் 10 வரை எல்லாவற்றையும் மறைத்தால், அரிதான வேரியன்ட் ஒன்றும் மிஞ்சாது, அரிதான நோயைத் தேடுகிறவருக்கு உங்கள் பீக்கன் எந்தப் பிரயோஜனமும் தராது. மறைக்காவிட்டால் மேலே சொன்ன சிக்கல். நான் பரிந்துரைப்பது இரண்டு அடுக்கு. முன்பின் தெரியாதவருக்குப் பொதுவான வேரியன்டுகளின் எண்ணிக்கை மட்டும், வடிகட்டி இல்லாமல். எத்திக்ஸ் கமிட்டி அனுமதித்த திட்டத்தின் பெயரில் உள்நுழைந்தவருக்கு அரிதானவையும். ஒருவர் ஒரு நாளைக்கு எத்தனை கேள்வி கேட்கலாம் என்று வரம்பு வையுங்கள், ஒவ்வொரு கேள்வியையும் பதிவு செய்யுங்கள், அந்தப் பதிவை மாதம் ஒருமுறையாவது ஒரு மனிதர் உட்கார்ந்து படிக்க வேண்டும். எவ்வளவு சிறிய எண்ணிக்கை வரை மறைப்பது, 5-ஆ 10-ஆ என்பதை உங்கள் கமிட்டியோடு பேசி முடிவு செய்யுங்கள். சர்வர் அமைக்கிறவர் தனியாக எடுக்க வேண்டிய முடிவு இல்லை அது.

இப்போது, நேரத்தை அதிகம் விழுங்கும் இடத்துக்கு வருகிறேன். ஏபிஐ சரியாக ஓடும், பதிலும் வரும், பதில் தப்பாக இருக்கும், யாருக்கும் தெரியாது. அரிவாள் செல் வேரியன்டையே எடுத்துக்கொள்வோம், அதன் பொது அடையாள எண் ஆர்எஸ்334. மருத்துவப் புத்தகத்தில் 6-வது அமினோ அமிலம் குளுட்டாமிக் அமிலத்திலிருந்து வேலினாக மாறுகிறது என்று இருக்கும். இன்றைய பெயரிடும் முறைப்படி எழுதிய ரிப்போர்ட்டில் அதே மாற்றம் 7-வது இடத்தில் இருக்கும், ஏனென்றால் தொடக்கத்தில் வரும் மெத்தியோனினையும் இந்த முறை எண்ணிக்கொள்கிறது. மரபணுவின் கணக்கில் ஏ எழுத்து டி ஆகிறது. ஆனால் எச்பிபி மரபணு 11-வது குரோமோசோமின் எதிர் இழையில் இருப்பதால் விசிஎஃப் கோப்பில் டி எழுத்து ஏ ஆகிறது என்று காண்பீர்கள். இடத்துக்கு வந்தால், இடங்களை எண்ண எல்லோரும் வைத்துக்கொள்ளும் மேற்கோள் ஜீனோமின் பழைய பதிப்பான ஜிஆர்சிஎச்37-ல் 5248232, புதிய ஜிஆர்சிஎச்38-ல் 5227002. இதோடு முடியவில்லை. விசிஎஃப் கோப்பு 1-லிருந்து எண்ணும், பீக்கனும், கீழே வரும் எச்டிஎஸ்கெட் என்ற ஏபிஐயும் 0-விலிருந்து எண்ணும். எனவே விசிஎஃப்பில் 5227002 என்று இருப்பதைப் பீக்கனில் 5227001 என்று கேட்க வேண்டும். ஒன்று தள்ளிக் கேட்டால் பிழைச் செய்தி வராது, "இல்லை" என்ற பதில்தான் வரும். குரோமோசோம் பெயரை ஒரு குழு 11 என்றும் இன்னொரு குழு சிஎச்ஆர்11 என்றும் எழுதும், அங்கேயும் அமைதியாக "இல்லை". வெளிமாநிலக் குழு எந்த மேற்கோள் ஜீனோமில் இருக்கிறது என்று முதல் மின்னஞ்சலிலேயே கேட்டுவிடுங்கள். பெயரை நம்பாமல் சீக்வென்சிலிருந்தே கணக்கிடும் செக்சம் என்ற குறியீட்டை வைத்தே அடையாளம் காணும் ரெஃப்கெட் என்ற தரநிலை இந்தத் தலைவலிக்காகவே வந்தது.

தலசீமியாவில் இன்னும் கொஞ்சம் சிக்கல். இந்தியாவில் அடிக்கடி காணும் பீட்டா தலசீமியா மாற்றங்களில் ஒன்று, 41, 42-வது கோடான்களில் (ஓர் அமினோ அமிலத்தைக் குறிக்கும் மூன்றெழுத்துத் தொகுதிகளில்) நான்கு எழுத்துகள் விடுபட்டிருப்பது. பழைய கட்டுரைகளில் விடுபட்ட எழுத்துகள் டிடிசிடி என்றிருக்கும், புதிய முறையில் சிடிடிடி என்றிருக்கும். இரண்டும் ஒரே மாற்றம்தான். திரும்பத் திரும்ப ஒரே எழுத்துகள் வரும் இடத்தில் எதை எடுத்தோம் என்று சொல்வதற்கு ஒன்றுக்கு மேற்பட்ட வழி இருப்பதால் வந்த குழப்பம். விசிஎஃப்பில் முடிந்தவரை இடப்பக்கம் தள்ளி எழுத வேண்டும் என்று வழக்கம், மரபணுப் பெயரிடுதலில் மரபணு ஓடும் திசையில் கடைசிக்குத் தள்ள வேண்டும் என்று வழக்கம். பீக்கனில் ஏற்றுவதற்கு முன்னால் எல்லாக் கோப்புகளையும் பிசிஎஃப்டூல்ஸ் நார்ம் வழியாக ஒருமுறை ஓட்டிவிடுங்கள். எதிர்ப்பக்கமும் ஓட்டியிருக்கிறார்களா என்று கேளுங்கள்.

அதைவிடக் கவனிக்க வேண்டியது, "இல்லை" என்ற பதிலுக்கு இரண்டு பொருள் உண்டு: தேடிப் பார்த்தோம் இல்லை, அல்லது அந்த இடத்தைப் பார்க்கவே இல்லை. பீட்டா தலசீமியாவில் 619 எழுத்துகள் ஒரேயடியாக விடுபடும் ஒரு மாற்றம் நம் நாட்டில் உண்டு. சிறிய மாற்றங்களைத் தேடும் வழக்கமான மென்பொருள் எக்ஸோமில் அதைக் கோட்டைவிட்டுவிடும். ஆல்ஃபா தலசீமியாவின் பெரிய விடுபடல்கள் இன்னும் மோசம், எச்பிஏ1, எச்பிஏ2 என்ற இரண்டு மரபணுக்களும் ஏறக்குறைய ஒன்றுபோலவே இருப்பதால் சிறு துண்டுகள் எதைச் சேர்ந்தவை என்றே பிரிப்பது கஷ்டம். உங்கள் பீக்கன் அவற்றுக்கு "இல்லை" என்று சொல்லி, அதை நம்பி ஒரு குழு "சேர்வராயன் மலை மக்களிடம் ஆல்ஃபா தலசீமியா கிடையாது" என்று கட்டுரை எழுதினால் பழி உங்கள் தரவின் மேல்தான். நல்ல ஆழத்தில், அதாவது போதுமான தடவை, படிக்கப்பட்ட பகுதிகளின் பட்டியலை ஒரு பெட் கோப்பாகப் பொதுவில் வையுங்கள், எந்த வகை மாற்றங்களைத் தேடவில்லை என்று தொகுப்பின் விவரத்தில் வெளிப்படையாக எழுதுங்கள். பெட் கோப்பும் 0-விலிருந்துதான் எண்ணும், மறந்துவிடாதீர்கள்.

எண்ணிக்கை போதாது, படித்த துண்டுகளையே பார்க்க வேண்டும் என்று நியாயமான காரணத்தோடு கேட்டால், அப்போது எச்டிஎஸ்கெட். ஒருவரின் எக்ஸோம் பாம் கோப்பு பொதுவாக 5 முதல் 10 ஜிபி வரும், 200 பேருக்கு 1, 2 டிபி ஆகிவிடும். எச்பிபி மரபணுவோ மொத்தமே சுமார் 1,600 எழுத்துகள். எச்டிஎஸ்கெட்டில் அவர் எந்த மாதிரி, எந்தக் குரோமோசோம், எங்கிருந்து எங்கே என்று கேட்பார். உங்கள் சர்வர் அதற்கு ஒரு ஜேசன் சீட்டு தரும், அந்தச் சீட்டில் இருக்கும் முகவரிகளிலிருந்து துண்டுகளை இறக்கி வரிசையாக ஒட்டினால் முறையான பாம் கோப்பு. சாம்டூல்சே இதை நேரடியாகப் படிக்கும் என்பதால் எதிர்ப்பக்கத்தில் யாரும் எதுவும் எழுதத் தேவையில்லை. இதில் எனக்குப் பிடித்தது, அனுமதியை ஒரு மரபணு அளவுக்குச் சுருக்கிவிடலாம் என்பது. எச்பிபி, எச்பிஏ பகுதிகள் மட்டும் என்று சர்வரிலேயே கட்டிப்போட்டால் மீதி ஜீனோம் வெளியே போகவே போகாது. மக்கள்தொகை அமைப்பு, உறவுமுறை என்று முழுத் தரவையும் தொட வேண்டிய ஆய்வு என்றால், அவர்களின் நிரலை டாக்கரில் கட்டி உங்களிடம் அனுப்பச் சொல்லுங்கள். நீங்கள் படித்துப் பார்த்து உங்கள் சர்வரில் ஓட்டி, முடிவை மட்டும் அனுப்பலாம். இதற்கும் ஜிஏ4ஜிஎச்சில் தனி ஏபிஐகள் உண்டு, ஆனால் ஒரே ஒரு குழுவுக்காக அவற்றை அமைப்பது தேவையில்லாத சுமை. கோப்பாகவே அனுப்பித்தான் ஆக வேண்டும் என்ற நிலை வந்தால், பெறுபவரின் சாவியால் மட்டும் திறக்கும்படி க்ரிப்ட்4ஜிஎச் முறையில் பூட்டி அனுப்புங்கள்.

உள்நுழைவுக்கு ஜிஏ4ஜிஎச் பாஸ்போர்ட் என்ற முறை இருக்கிறது. ஓப்பன்ஐடி கனெக்ட் தெரிந்திருந்தால் இதுவும் புரிந்துவிடும்: ஆள் யார், எந்த நிறுவனம், எந்தத் தொகுப்புக்கு எந்தக் கமிட்டி அனுமதி தந்தது, எப்போது வரைக்கும் என்பதைக் கையெழுத்திட்ட டோக்கன்களாக எடுத்துவருவார். தொடக்கத்திலேயே முழுதாகச் செய்ய வேண்டாம், உள்நுழைவைக் கவனிக்கும் ஒரு கீக்ளோக் சர்வரும் காலாவதியாகும் டோக்கனும் இப்போதைக்குப் போதும். ஆனால் ஒன்றை இப்போதே செய்யுங்கள். ஒப்புதல் படிவத்தை எடுத்து வைத்துக்கொண்டு, அதில் மக்களிடம் என்ன சொன்னீர்களோ அதை டியூஓ என்ற தரவுப் பயன்பாட்டுச் சொல்தொகுதியின் குறியீடுகளாக மாற்றி ஒவ்வொரு மாதிரியோடும் இணையுங்கள். "இரத்த நோய் ஆராய்ச்சிக்கு மட்டும்" என்று சொல்லி வாங்கியிருந்தால் அது குறிப்பிட்ட நோய் ஆராய்ச்சிக்கான குறியீடு, பொது மருத்துவ ஆராய்ச்சி ஆகாது. வணிகத்துக்கு இல்லை என்றால் அதற்கும் குறியீடு இருக்கிறது. படிவத்தில் பகிர்வதைப் பற்றி ஒரு வரியும் இல்லை என்று தெரிந்தால், சர்வர் வேலையை நிறுத்திவிட்டு முதலில் கமிட்டியிடம் போங்கள். மறுபடியும் மலையேறி ஒப்புதல் வாங்க வேண்டியிருக்கலாம். அந்த வேலை அலுப்பானதுதான், ஆனால் அதைத் தவிர்க்க உதவும் மென்பொருள் எதுவும் கிடையாது.

ஃபயர் தரநிலையைப் பயன்படுத்தலாமா என்றும் போகிற போக்கில் கேட்டிருந்தீர்கள். அது மருத்துவமனைப் பக்கத்து மொழி, நம் நாட்டு டிஜிட்டல் சுகாதாரத் திட்டமான ஏபிடிஎம்மும் அதன் ஆர்4 பதிப்பில்தான் இயங்குகிறது. ஒரு நோயாளியின் ரிப்போர்ட்டில் எழுதப்படும் ஓரிரு வேரியன்டுகளை அவருடைய பதிவில் சேர்க்க அது பொருத்தம். முழு விசிஎஃப்பை அதற்குள் திணிக்காதீர்கள். ஆராய்ச்சி எக்ஸோமில் கண்டதை நேரே நோயாளியின் பதிவுக்கு அனுப்பவும் கூடாது, ஹீமோகுளோபின் வகைகளைப் பிரித்துக் காட்டும் எச்பிஎல்சி போன்ற பரிசோதனையில் உறுதி செய்து மருத்துவர் கையெழுத்திட்ட பிறகே அது ரிப்போர்ட் ஆகும்.

சட்டப் பக்கத்தில் எனக்குத் தெரிந்த அளவு: 2023-ன் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் ஆராய்ச்சிக்கு விலக்கு உண்டு, ஆனால் அந்தத் தரவை வைத்துக் குறிப்பிட்ட நபரைப் பற்றிய முடிவு எதுவும் எடுக்கக் கூடாது என்பது போன்ற நிபந்தனைகளோடு. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமான ஐசிஎம்ஆரின் 2017 நெறிமுறைகள் பழங்குடி மக்களைக் கூடுதல் பாதுகாப்பு தேவைப்படுவோராகப் பார்க்கின்றன. கேட்கும் குழுவின் திட்டத்தில் வெளிநாட்டுக் கூட்டாளி யாராவது இருந்தால் மத்திய சுகாதார அமைச்சகத்தின் பரிசீலனைக் குழு வரை போக வேண்டியிருக்கும், அதனால் அதையும் முதலிலேயே கேட்டுவிடுங்கள். நீண்ட காலச் சேமிப்புக்கு ஃபரிதாபாத்தில் இருக்கும் இந்திய உயிரியல் தரவு மையம் இருக்கிறது. ஜீனோம் இந்தியா திட்டத்தின் 10,000 பேர் தரவும் அங்கேதான், 2025 ஜனவரியிலிருந்து விண்ணப்பித்து அனுமதி பெறும் முறையில் கிடைக்கிறது. அங்கே கட்டுப்படுத்தப்பட்ட அணுகலோடு ஒப்படைக்கும் பிரிவும் உண்டு. உங்கள் குழுவின் நிதி முடிந்த பிறகு சர்வர் கரண்ட் பில்லை யார் கட்டுவது என்று யோசித்தால் அந்த வழியே நல்லது என்று நினைக்கிறேன்.

இவ்வளவு எச்சரிக்கை சொன்னதால் பகிரவே வேண்டாம் என்று நினைத்துவிடாதீர்கள். பகிர வேண்டும். இந்தியாவில் அரிவாள் செல் முதன்முதலாகப் பதிவானதே 1952-ல் நம் நீலகிரி மலை மக்களிடம்தான். 2023 ஜூலை 1-ல் தொடங்கிய தேசிய இயக்கம் 7 கோடிப் பேரைப் பரிசோதித்து 2047-க்குள் இந்த நோயை ஒழிக்க இலக்கு வைத்திருக்கிறது. ஒரு சமூகத்தின் தரவு என்ன செய்யும் என்பதற்கு வைசியர் சமூகம் நல்ல உதாரணம். அறுவை சிகிச்சையில் தசை தளரக் கொடுக்கும் சக்சினைல்கோலின் அவர்களில் சிலருக்கு நேரத்தோடு முறியாமல் மூச்சுத் திரும்பத் தாமதமாகும், காரணம் அந்தச் சமூகத்தில் பரவலாக இருக்கும் ஒரு மரபணு மாற்றம். இது தெரிந்ததால் மயக்க மருத்துவர் முன்கூட்டியே கேட்டுக்கொள்ள முடிகிறது. சேர்வராயன் மலைக்கும் அப்படி ஒரு விஷயம் இருக்கலாம், 200 பேரை மட்டும் வைத்து அதைக் கண்டுபிடிப்பது கடினம், இன்னொரு குழுவின் தரவோடு சேர்த்துப் பார்த்தால்தான் தெரியவரும்.

தொடங்குவதற்கு உங்கள் தரவைத் தொடவே தேவையில்லை. 1000 ஜீனோம்ஸ் திட்டத்தின் 2,504 பேர் தரவு எல்லோருக்கும் திறந்திருக்கிறது, அதில் பிரிட்டனில் வாழும் இலங்கைத் தமிழர்கள் எஸ்டியூ என்ற பெயரில் ஒரு தொகுதி, நைஜீரியாவின் யோருபா மக்கள் ஒய்ஆர்ஐ என்ற பெயரில் ஒரு தொகுதி. இரண்டின் 11-வது குரோமோசோமை மட்டும் ஜிஆர்சிஎச்38-ல் இறக்கி பீக்கனில் ஏற்றுங்கள். யோருபா தொகுதியில் அரிவாள் செல் வேரியன்ட் இருக்கிறது. டி எழுத்து ஏ ஆகும் மாற்றத்தை 5227001 என்று கேட்டால் ஆம் வர வேண்டும், அதே மாற்றத்தை 5227002 என்று கேட்டால் இல்லை வர வேண்டும். அந்தத் தொகுதியின் எண்ணிக்கையைப் பிசிஎஃப்டூல்ஸ் வைத்து நேரடியாக எண்ணியதோடு ஒப்பிடுங்கள், அனுமதி இல்லாத கணக்கிலிருந்து பதிவுகளைக் கேட்டு மறுக்கிறதா என்று பாருங்கள், சிறிய எண்ணிக்கை மறைகிறதா என்று பாருங்கள். எதிர்ப்பக்கக் குழுவையும் இதே சோதனை சர்வரில் கேட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். இரண்டு பக்கமும் ஒரே பதிலைப் பார்க்கிற வரைக்கும் ஏற்காட்டுத் தரவு உள் நெட்வொர்க்கிலேயே இருக்கட்டும். நடுவில் எங்காவது சிக்கினால் தலைப்பு வரிகளையும் நீங்கள் அனுப்பிய கேள்வியையும் இங்கேயே ஒட்டுங்கள், பார்த்துச் சொல்கிறேன். ஒட்டுவதற்கு முன் அதில் யார் பெயராவது, ஊர்ப் பெயராவது இருக்கிறதா என்று மட்டும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.